ஃபெல்லோ என்றொரு பட்டம்

‘ஃபெல்லோ’ என்ற சொல்லை நம் தலைமுறை முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில்தான். கணக்கு வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, “யூஸ்லெஸ் ஃபெல்லோ, பெஞ்சு மேலே ஏறு” என்பார். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆனால் 1971 முதல் 2018 வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், நம் நாட்டில் மேலாண்மைப் படிப்பின் உச்சியில் இருந்த பட்டத்துக்கு அதுதான் பெயர். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இருந்த இந்திய மேலாண்மைக் கழகங்கள், அதாவது ஐஐஎம்கள், 1971இல் முனைவர் படிப்பைத் தொடங்கின. நாலைந்து வருஷம் முழுநேரமும் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். முதலில் வகுப்புகள், பிறகு எல்லாப் பாடத்தையும் சேர்த்து ஒரு பெரிய தேர்வு, அதன் பிறகு ஆய்வேடு, கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு. உலகத்தில் பல இடங்களில் பிஎச்.டி. படித்தாலும் இவைதான். எல்லாம் முடிந்து மேடையேறினால் கையில் கொடுப்பது பிஎச்.டி. அல்ல. “இவர் இக்கழகத்தின் ஃபெல்லோ” என்று ஒரு சான்றிதழ்.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் வணிகவியல் சொல்லிக்கொடுத்தவன். இந்தப் பெயர்க் குழப்பம் எங்கள் துறைக்காரர்களை எவ்வளவு படுத்தியது என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதன் வேரைத் தேடிப் போனால் அது அமெரிக்கா வரைக்கும் ஓடுகிறது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சட்டம். 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று சொல்கிறது. சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் கொடுக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கொடுக்கலாம். நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டு உரிமை கொடுத்த நிறுவனம் கொடுக்கலாம். வேறு யாரும் கொடுக்கக் கூடாது. ஐஐடிகளுக்கு 1961இலேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. அதனால் சென்னை ஐஐடியில் ஆராய்ச்சி செய்தவர் தாராளமாக டாக்டர் ஆனார். அதே 1961இல் பிறந்த ஐஐஎம்களோ சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான வெறும் சங்கங்கள். நம் ஊர் வாசகசாலையும் கோயில் திருப்பணிக் குழுவும் பதிவு செய்துகொள்வதும் அந்த வகையில்தானே!

அறியாமல் நடந்ததல்ல இது. பல்கலைக்கழகமாக இருந்தால் பாடத்திட்டத்தை மாற்றக் கூடப் பல படிகள் ஏறி இறங்க வேண்டும். சங்கமாக இருந்தால் யாரைச் சேர்ப்பது, என்ன கற்றுக்கொடுப்பது, எப்படித் தேர்வு வைப்பது எல்லாம் அவர்கள் கையில். சுதந்திரம் வேண்டும் என்றார்கள், கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலைதான் பட்டம். அதனால்தான் எம்.பி.ஏ.வுக்குச் சமமான அந்த இரண்டு வருஷப் படிப்புக்கு ‘முதுநிலை டிப்ளமோ’ என்று பெயர் வைத்தார்கள். நம் பக்கத்தில் டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக். பையனுக்கு அகமதாபாத்தில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு நண்பர் இனிப்பு கொடுத்தபோது, “டிகிரி முடிச்சிட்டு எதுக்குங்க மறுபடி டிப்ளமோ?” என்று ஒரு பெரியவர் உண்மையான கவலையோடு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. டிப்ளமோவுக்காவது வேலை வந்துவிடும், சம்பளம் வந்துவிடும், பெயரை யார் பார்க்கிறார்கள். ஃபெல்லோவின் பாடு அப்படி இல்லை.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம்.

வியாபாரத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்த முதல் இடம் பிலடெல்பியாவில் உள்ள வார்ட்டன். 1881. ஹார்வர்டில் வணிகப் பள்ளி 1908இல் வந்தது. மளிகைக்கடைக் கணக்கைக் கற்றுக்கொடுக்க பல்கலைக்கழகம் எதற்கு என்று பழைய பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். தார்ஸ்டீன் வெப்லன் என்ற பொருளியல் அறிஞர், சிகாகோவில் பல வருஷம் பாடம் நடத்தியவர், 1918இல் வெளியிட்ட ஒரு நூலில், உயர்கல்விக் கூடத்தில் விளையாட்டுத் துறைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் வணிகக் கல்லூரிக்கும் என்ற பொருளில் எழுதினார். பி.காம். மாணவனைப் பார்த்து இயற்பியல்காரர்கள் சிரிக்கிற சிரிப்பு நம் ஊரில் பிறந்ததல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

படிப்பே வேண்டாம் என்றவர்கள் முனைவர் பட்டத்துக்கு எப்படி ஒத்துக்கொள்வார்கள்? லிலியன் கில்பிரெத் என்ற அம்மாளின் கதை இதற்கு நல்ல சாட்சி. கணவர் ஃபிராங்க் கில்பிரெத் கட்டுமானத் தொழிலில் இருந்தவர். ஒரு கொத்தனார் செங்கல் வைக்க எத்தனை முறை குனிகிறார், எத்தனை அசைவு வீண் என்று எண்ணிப் பார்த்தவர். மனைவி அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் மனிதனின் மனம் என்ன செய்கிறது என்று பார்த்தார். வேலைத்தளத்தின் உளவியலைப் பற்றிக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதினார். அதற்குள் குடும்பம் நாட்டின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்திருந்தது. கடைசி வருஷம் வளாகத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டிப் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். கைக்குழந்தையும் வளரும் குழந்தைகளுமாக இருந்தவர் எப்படிப் போய்த் தங்குவார்? மொத்தம் 12 குழந்தைகள் பெற்றவர் அவர்! அந்த ஆய்வேடு 1914இல் புத்தகமாக வந்தது. எழுதியது பெண் என்று தெரியாதபடி பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். அம்மாள் விடவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு ஆய்வேடு எழுதி 1915இல் பட்டம் வாங்கினார். அதுவும் உளவியலில்தான். மேலாண்மை என்ற பெயரில் முனைவர் பட்டம் அப்போது எங்கே இருந்தது?

அது 1920இல் சிகாகோவில் வந்தது. வணிகத்தில் பிஎச்.டி. படிப்பை உலகத்திலேயே முதலில் தொடங்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான். அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த வெப்லன் அப்படி எழுதிய இரண்டே வருஷத்தில்! 1929இல் உர்சுலா ஸ்டோன் என்ற பெண் அங்கே வணிகத்தில் பிஎச்.டி. வாங்கிவிட்டார்.

ஹார்வர்டின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 1922இல் முனைவர் படிப்பு தொடங்கியது. ஆனால் பிஎச்.டி. என்ற பட்டம் கலை அறிவியல் புலத்தின் சொத்து. வணிகப் பள்ளி தன்னிச்சையாக அதைக் கொடுக்க முடியாது. அதனால் ‘வணிக அறிவியல் டாக்டர்’ என்று வேறு ஒரு பெயர் வைத்தார்கள். 1950களில் அது ‘வணிக நிர்வாக டாக்டர்’, சுருக்கமாக டி.பி.ஏ., ஆனது. பெரிய வீட்டுக்குள்ளேயே ஒரு மகனுக்குக் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்பது போல. உலகமே அண்ணாந்து பார்க்கும் ஹார்வர்ட் வணிகப் பள்ளிக்கு இந்த நிலை என்றால், அகமதாபாத் எந்த மூலை?

எல்லை எங்கே இருக்கிறது என்ற தகராறு பட்டத்தின் பெயரோடு நிற்கவில்லை. ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் போடாமல் எப்படிப் பிரித்துப் போடுவது, பிரித்துப் போட்டால் ஆபத்து எவ்வளவு குறையும் என்று கணக்கு போட்டுக் காட்டிய கட்டுரை. இன்று நாம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கணக்கின் நிழலில்தான் நடக்கிறது. அதையே ஆய்வேடாக்கிச் சிகாகோவில் வாய்மொழித் தேர்வுக்குப் போனார். மில்டன் ஃபிரீட்மன் அங்கே ஒரு தேர்வாளர். “இதில் கணக்கு சரி. ஆனால் இது பொருளியலே இல்லையே, இதற்கு எப்படிப் பொருளியலில் டாக்டர் பட்டம் தருவது?” என்று பிடித்துக்கொண்டார். மார்க்கோவிட்ஸுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் பட்டம் கிடைத்தது. 1990இல் அதே ஆராய்ச்சிக்குப் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. தனது நோபல் உரையில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அன்று அது பொருளியலின் பகுதியாக இல்லை, இப்போது ஆகிவிட்டது என்று ஃபிரீட்மனுக்கும் விட்டுக்கொடுத்துப் பேசினார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும்.

1959இல்தான் காற்று திசை மாறியது. அமெரிக்காவின் வணிகக் கல்லூரிகள் எப்படி இருக்கின்றன என்று ஃபோர்டு அறக்கட்டளை ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. கார்னகி இன்னொன்றுக்குக் கொடுத்தது. இரண்டு அறிக்கையும் ஒரே வருஷத்தில் வந்தன. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: பாடம் மேலோட்டம், மாணவர் தரம் குறைவு, ஆசிரியர்களில் பலருக்கு ஆராய்ச்சிப் பயிற்சியே இல்லை. கணக்கும் புள்ளியியலும் மனித நடத்தை அறிவியலும் தெரிந்த, முறையாக முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் வேண்டும். ஃபோர்டு வெறுமனே திட்டிவிட்டுப் போகவில்லை. 1950களின் நடுவிலிருந்து 1960களின் நடுவுக்குள் ஏறக்குறைய 3.5 கோடி டாலரை வணிகக் கல்விக்குள் கொட்டியது. முனைவர் மாணவர்களுக்கு உதவித்தொகை போனது. வணிகத்தில் டாக்டர் பட்டம் என்பது ஒரு தொழிலாக அன்றுதான் நிலைபெற்றது.

அதே ஃபோர்டு பணம்தான் நம் ஐஐஎம்களுக்கும் வந்தது. கல்கத்தாவுக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், அகமதாபாத்துக்கு ஹார்வர்டும் கைகொடுத்தன. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முன்னின்று உருவாக்க, 1965இல் முதல் முழுநேர இயக்குநராக வந்தவர் ரவி மத்தாய். இவருடைய அப்பா ஜான் மத்தாய். நம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், சென்னையில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே அமைச்சர், பிறகு நிதியமைச்சர். லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மகன் ரவிக்கு ஆக்ஸ்ஃபோர்டின் இளநிலைப் பட்டம்தான் உண்டு. கம்பெனி நிர்வாகத்தில் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். இயக்குநரானபோது வயது 38. டாக்டர் பட்டம் இல்லாத இவர் காலத்தில்தான் அகமதாபாத்தில் முனைவர் படிப்பு தொடங்கியது! 1972இல் பதவி போதும் என்று தானாகவே இறங்கி அதே இடத்தில் சாதாரணப் பேராசிரியராக உட்கார்ந்தார். நம் கல்லூரிகளில் முதல்வர் நாற்காலியிலிருந்து ஒருவரை இறக்க எத்தனை பாடு படுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேயே ஃபெல்லோ படிப்பு இருந்தும் வசதி கிடைத்தவர்கள் அமெரிக்காவுக்குத்தான் போனார்கள். இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் நம் கோயம்புத்தூரில் 1941இல் பிறந்த சி.கே.பிரகலாத். சென்னை லயோலாவில் இயற்பியல் படித்தார். பிறகு யூனியன் கார்பைடு பேட்டரி தொழிற்சாலையில் நாலு வருஷம் வேலை. எவரெடி பேட்டரி என்றால் உங்களுக்குத் தெரியும், டார்ச் லைட்டுக்கு நாம் வாங்கிப் போட்டதுதான். தொழிற்சங்கத்தாரோடு பேசிப் பேசி அங்கே கற்றுக்கொண்டதைப் பின்னாளில் அவர் பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அகமதாபாத்தில் 1966இல் வெளிவந்த முதல் அணியில் ஒருவர். பிறகு ஹார்வர்ட் போய், பன்னாட்டு நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆய்வு செய்தார். மற்றவர்கள் நாலு, ஐந்து வருஷம் எடுக்கும் படிப்பை இரண்டரை வருஷத்தில் முடித்து 1975இல் டி.பி.ஏ. வாங்கினார். ஊர் திரும்பி அகமதாபாத்தில் கற்பித்தார். 1977இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அங்கேயே நிலைத்துவிட்டார். 2004இல் அவர் எழுதிய ஏழைச் சந்தையைப் பற்றிய நூலில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஓர் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. வேட்டி கட்டிய கிராமத்துத் தாத்தாவுக்குக் காசு வாங்காமல் கண்புரை எடுத்தும் ஒரு மருத்துவமனை நஷ்டமில்லாமல் ஓட முடியும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

இன்னொருவர் கல்கத்தாவின் சுமந்த்ரா கோஷல். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் பத்து வருஷத்துக்கு மேல் அதிகாரி. 1981இல், 33ஆம் வயதில், ஓர் உதவித்தொகையில் பாஸ்டன் பக்கம் போனார். குடும்பஸ்தர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். அது போதாதென்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஹார்வர்ட் வணிகப் பள்ளியிலும் சேர்ந்தார்! இரண்டு இடம், இரண்டு தனித்தனி ஆய்வேடு. 1985இல் ஒன்று, 1986இல் இன்னொன்று. ஒரு ஆய்வேட்டை முடிக்கவே மனைவி நகையை அடகு வைத்து, தலைமுடி உதிர்ந்து போனவர்களை எனக்குத் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

நகை, தலைமுடி என்று சொன்னேன். நம் பக்கத்து வணிகவியல் ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980களில் எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலும் பகுதிநேரமாகத்தான் பதிவு செய்வார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் எஃப்.ஐ.பி. கிடைக்கும், சம்பளத்தோடு விடுப்பு, பதிலுக்கு வேறு ஆள் வகுப்பெடுப்பார். இல்லையென்றால் சனி ஞாயிறுதான். 300 பேரிடம் வினாத்தாள் கொடுத்து வாங்குவது, பதில்களைப் பெரிய தாளில் கோடு கிழித்து எண்ணுவது, கை கால்குலேட்டரில் கைவர்க்கச் சோதனை போடுவது. அட்டவணை அடிக்கத் தெரிந்த டைப்பிஸ்ட் ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். அவருக்கு இருந்த மவுசு நெறியாளருக்குக் கூட இருக்காது. பைண்டிங் கடையில் தங்க எழுத்து ஒட்டிய கருநீல அட்டையோடு ஐந்து படிகள். பிறகு வெளிமாநிலத் தேர்வாளரின் அறிக்கைக்காக ஒரு வருஷம், சில சமயம் இரண்டு வருஷம் காத்திருப்பு. வாய்மொழித் தேர்வன்று பொன்னாடை, மிக்சர், ஜாங்கிரி, டீ.

தலைப்புகளைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. ‘கூட்டுறவு வங்கிகளின் கடன் வசூல் - இன்ன மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு’ என்று இருக்கும். மாவட்டத்தின் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார் என்பார்கள். அந்தக் கேலியில் பாதி நியாயம்தான். காப்பியடித்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இன்ன மாவட்டத்தில் ஒரு விவசாயி ஏன் கடனைக் கட்டவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். விடிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போய், கல்லூரி முடிந்து அப்படியே தறிக்கூடங்களுக்கு வினாத்தாளோடு போன ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய ஆய்வேட்டில் உள்ள தகவல்கள் வேறு எந்த அரசாங்க அறிக்கையிலும் கிடைக்காது.

2009இல் மானியக் குழு விதிகளை இறுக்கியது. நுழைவுத் தேர்வும் பாட வகுப்பும் கட்டாயமாயின. 2022இல் வந்த விதிகளில் எம்.ஃபில். படிப்பே போய்விட்டது. அது தனிக் கதை.

எங்களுக்கு வருஷங்கள் எவ்வளவு ஆனாலும் முடிவில் ஒன்று நிச்சயம். பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ வரும். அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஐஐஎம்மில் எங்களைவிடக் கடுமையாகப் படித்தவர்களுக்குத்தான் அந்த நிம்மதி இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் பணிக்கான நேர்காணல். பாட வல்லுநர் என்று என்னை அழைத்திருந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண்மணி, 35 வயதிருக்கும், ஐஐஎம் ஒன்றில் ஃபெல்லோ முடித்தவர். விண்ணப்பப் படிவத்தில் ‘பிஎச்.டி. - ஆம்/இல்லை’ என்று ஒரு கட்டம். அவர் இரண்டையும் அடிக்காமல் பக்கத்தில் ‘ஃபெல்லோ’ என்று எழுதியிருந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பிஎச்.டி. இருக்காம்மா, இல்லையாம்மா?”

“சார், இது பிஎச்.டி.க்குச் சமம். பல்கலைக்கழகங்களின் சங்கம் கொடுத்த கடிதம் இணைச்சிருக்கேன்.”

“சமம்னு இருக்கு. அதுதான்னு இல்லையேம்மா.”

அந்தம்மா என் பக்கம் பார்த்தார். எங்களில் அவரைவிட நன்றாக ஆய்வுமுறை தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை என்று நான் சொன்னேன், குறிப்பிலும் எழுதினேன். குழுவினர் விளக்கம் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தார்கள். நாலு மாதம் கழித்துச் சாதகமாகவே பதில் வந்தது. அதற்குள் அவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஐந்து வருஷம் ஆசிரியராவதற்கென்றே படித்த படிப்பு. அந்தக் கல்லூரி மாணவர்களுக்கு அவர் கிடைக்காமல் போனது ஒரு கட்டத்தால். கண்காணிப்பாளரைக் குற்றம் சொல்ல முடியுமா? நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் அவர் தலைதான் உருளும்.

இப்படி எத்தனை பேர். வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டால் அங்கேயும் ஒரு பத்தி விளக்கம். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்று தயக்கம். பலர் போட்டுக்கொண்டார்கள், கூச்சப்பட்டுப் போடாதவர்களும் உண்டு.

ஒரு வழியாக 2017இல் ஐஐஎம் மசோதா வந்தது. ஜூலையில் மக்களவை, டிசம்பரில் மாநிலங்களவை, டிசம்பர் 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2018 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் தொடங்கிய நம் திருச்சி ஐஐஎம் உள்பட 20 கழகங்களுக்கும் பட்டம் தரும் உரிமை கிடைத்தது. டிப்ளமோ எம்.பி.ஏ. ஆனது, ஃபெல்லோ பிஎச்.டி. ஆனது. சுதந்திரத்தை விடாமலே பட்டமும் வாங்கிக்கொண்டார்கள் என்று அப்போது பாராட்டினார்கள். 2023இல் சட்டத்தைத் திருத்திக் குடியரசுத் தலைவரைப் பார்வையாளராக அமர்த்தி, இயக்குநர் நியமனத்தில் அரசு மறுபடி கைவைத்தது. பட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய மிச்ச விலையோ என்னவோ.

இதில் ஒரு வேடிக்கை. ஹார்வர்ட் வணிகப் பள்ளி சில பாடங்களில் கலை அறிவியல் புலத்தோடு கூட்டாகப் பிஎச்.டி. தந்துகொண்டிருந்தாலும், மற்றவற்றுக்கு டி.பி.ஏ.தான் நீடித்தது. அந்த டி.பி.ஏ.வையும் கைவிட்டுப் பிஎச்.டி.க்கு மாறியது எந்த ஆண்டு தெரியுமா? அதே 2018. குருவும் சிஷ்யனும் ஒரே வருஷத்தில் பெயர் மாற்றிக்கொண்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல, தற்செயல்தான்.

பெயருக்காகவும் மதிப்புக்காகவும் நடந்த இந்த நீண்ட ஓட்டத்தில் வேறு ஒன்று தொலைந்துவிட்டது என்று சொன்னவர், அந்த இரட்டை டாக்டர் கோஷல்தான். 2004 மார்ச்சில், 55 வயதில், லண்டனில் திடீரென்று காலமானார். மறு வருஷம் வெளிவந்த அவருடைய கட்டுரை எங்கள் வட்டாரத்தில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. இயற்பியலைப் போல நாங்களும் விஞ்ஞானம்தான் என்று காட்ட வேண்டிய அவசரத்தில், மனிதனைச் சுயநலம் மட்டுமே உள்ள ஒரு பொறியாக வைத்துச் சமன்பாடு எழுதினோம். அதையே வகுப்பறையில் சொல்லிக்கொடுத்து, செய்கைக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று மாணவர்களுக்குக் கற்பித்துவிட்டோம் என்பது அவர் வாதம். என்ரான் ஊழல் வெளிவந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வெளியிலிருந்து ஒருவர் சொல்லியிருந்தால் பொறாமை என்று தள்ளியிருப்பார்கள். இரண்டு மாபெரும் இடங்களில் பட்டம் வாங்கியவர் சொன்னால் என்ன செய்வது? ஓய்வுபெறும் வரை ஒவ்வொரு வருஷமும் எம்.காம். மாணவர்களுக்கு அந்தக் கட்டுரையின் சாரத்தைத் தமிழில் சொல்லிவந்தேன். பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும் கேட்டார்கள்.

ஃபெல்லோ என்ற பெயர் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைப் பாதிரியார்கள் 1949இல் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ, ஐஐஎம்களுக்கெல்லாம் மூத்தது. ஆனால் ஐஐஎம் அல்ல என்பதால் அந்தச் சட்டம் அதைத் தொடவில்லை. 2018க்குப் பிறகும் அங்கே முனைவர் ஆய்வை முடித்தவர்கள் ஃபெல்லோவாகத்தான் வெளியே வந்தார்கள், இணைப்பில் ஒரு கடிதத்தோடு.